பத்து நாள் முன்பு, ஆறு நாள் பின்பு



2023 ஏப்ரலில் சூடான் நாட்டில் ராணுவத்துக்கும் துணை ராணுவப் படைக்கும் சண்டை மூண்டது. அங்கே சிக்கிக்கொண்ட இந்தியர்களை மீட்க ‘ஆபரேஷன் காவேரி’ தொடங்கியது. பேருந்தில் போர்ட் சூடான் துறைமுகம், அங்கிருந்து கப்பலிலோ ராணுவ விமானத்திலோ செங்கடலைத் தாண்டி ஜெத்தா, பிறகு டெல்லி, மும்பை, பெங்களூரு என்று அவர்கள் வந்து இறங்கினார்கள். அந்த மாதம் 28-ஆம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம் ஒரு கணக்கை வெளியிட்டது. அதுவரை வந்து சேர்ந்தவர்கள் 1,191 பேர். அவர்களில் 117 பேர் வீடு போய்ச் சேரவில்லை, தனிமைப்படுத்தப்பட்டிருந்தார்கள். மஞ்சள் காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட்டிருக்கவில்லை என்பதுதான் காரணம்.

போருக்குத் தப்பி, உடுத்திய துணியோடு வந்தவர்களை நிறுத்தி ஊசி போட்டீர்களா என்று கேட்பது கல்நெஞ்சமாகத் தோன்றலாம். ஆனால் அந்த அதிகாரிகள் செய்தது சரி. ஏன் சரி என்பது விளங்கிவிட்டால், ஆப்பிரிக்காவுக்கோ தென்னமெரிக்காவுக்கோ போகிறவர் கிளம்புமுன் என்ன செய்ய வேண்டும், திரும்பியபின் எதைக் கவனிக்க வேண்டும் என்பதில் பெரும்பகுதி விளங்கிவிடும்.

சென்னையிலிருந்து கென்யாவுக்கு விலங்குகளைப் பார்க்கக் கிளம்பும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 2024 ஜனவரியில் கென்யா விசா முறையைக் கைவிட்டது. அதற்குப் பதில் இணையத்தில் முன் அனுமதி வாங்கிக்கொள்ள வேண்டும். பாஸ்போர்ட், போக வர டிக்கெட், தங்கும் இடத்தின் பதிவு இருந்தால் வேலை முடிந்தது. மஞ்சள் காய்ச்சல் சான்றை, அந்த நோய் பரவக்கூடிய நாடுகளிலிருந்து வருகிறவர்களிடம்தான் கென்யாவின் விதி கேட்கிறது. இந்தியாவில் அந்த நோய் இல்லை. ஆகவே துபாய் வழியாகவோ தோஹா வழியாகவோ போகும் நம் குடும்பம் நைரோபியில் தடையில்லாமல் வெளியே வந்துவிடலாம். மசாய் மாராவில் சிங்கத்தைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பும்போதுதான் சிக்கல். சென்னை விமான நிலையத்தில் இறங்கியதும் சான்று எங்கே என்று கேட்பார்கள். கேட்பது கென்யா இல்லை, இந்தியா.

வெளிநாட்டுப் பயணம் என்றாலே அந்த நாட்டின் விதியைத்தான் எல்லாரும் தேடிப் படிக்கிறார்கள். திரும்பி வரும்போது சொந்த நாடு என்ன கேட்கும் என்று பார்ப்பவர்கள் குறைவு. பயண முகவர்கள்கூட இதைச் சொல்லாமல் விட்டுவிடுவதுண்டு. அவர்கள் பொறுப்பு விசாவோடு முடிந்துவிடுகிறது.

இந்தியாவின் விதி கண்டிப்பானது. மஞ்சள் காய்ச்சல் பரவக்கூடியவை என்று நம் அரசு பட்டியலிட்டிருக்கும் நாடுகள் ஏறக்குறைய 40. ஆப்பிரிக்காவில் கென்யா, உகாண்டா, எத்தியோப்பியா, நைஜீரியா, கானா, காங்கோ, அங்கோலா. தென்னமெரிக்காவில் பிரேசில், பெரு, கொலம்பியா என்று அது நீள்கிறது. அங்கிருந்து கிளம்பி ஆறு நாளுக்குள் இந்தியா வந்து சேர்கிறவரிடம் செல்லத்தக்க சான்று இல்லாவிட்டால், அந்த ஆறு நாள் முடியும்வரை தனியே வைக்கலாம். ஒன்பது மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு மட்டும் விலக்கு. வழியில் விமானம் மாறியவருக்கும் விதி பொருந்தும். விமான நிலையத்தை விட்டு வெளியே வரவே இல்லை என்பதைச் சுகாதார அதிகாரி ஏற்றுக்கொண்டால் விட்டுவிடுவார். இதெல்லாம் கொரோனாவுக்குப் பின் வந்த கெடுபிடி என்று நினைக்க வேண்டாம். விமானங்களுக்கான பொது சுகாதார விதிகள் 1954-இலும் துறைமுகங்களுக்கானவை 1955-இலும் வந்துவிட்டன. தூத்துக்குடியிலிருந்து கப்பல் வேலைக்குப் போகிறவர்களுக்கு இது பழகிய சங்கதி.

ஆறு நாள் என்பது எங்கிருந்து வந்தது? வைரஸைச் சுமக்கும் கொசு கடித்தால் மூன்று முதல் ஆறு நாளுக்குள் காய்ச்சல் தொடங்கும். ஆறு நாள் தாண்டியும் ஒன்றுமில்லை என்றால் அந்த ஆளிடமிருந்து நோய் பரவப்போவதில்லை. பெரும்பாலோருக்குக் காய்ச்சல், தலைவலி, முதுகுவலி, வாந்தியோடு சில நாளில் குணமாகிவிடும். சிறு பகுதியினருக்கு ஒருநாள் தெளிந்ததுபோல் இருந்து, மறுபடி காய்ச்சல் ஏறி, கல்லீரலும் சிறுநீரகமும் கெட்டு, கண் மஞ்சளாகி, ரத்தம் கசியும். அந்தக் கட்டத்துக்குப் போனவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் பிழைப்பதில்லை. வைரஸைக் கொல்லும் மருந்து கிடையாது. மஞ்சள் காமாலைக்காக முன்பு போட்டுக்கொண்ட ஊசி இதற்கு உதவாது. அது வேறு நோய்.

இந்த நோயைப் பரப்புவது ஏடிஸ் எஜிப்தி கொசு. டெங்குவைப் பரப்பும் அதே கொசுதான். நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலும் பூந்தொட்டித் தட்டிலும் மொட்டைமாடியில் கிடக்கும் பழைய டயரிலும் அது முட்டையிடுகிறது. ஆக, நோயைப் பரப்பும் கொசு இங்கே தெருத்தெருவாக இருக்கிறது. தடுப்பூசி போடாத நூறு கோடிக்கு மேற்பட்ட மக்களும் இருக்கிறார்கள். இல்லாதது வைரஸ் ஒன்றுதான்.

வைரஸும் வந்து சேர்ந்துவிடுமா என்று கேட்பவர்கள் சிக்குன்குனியாவை நினைத்துப் பார்க்கலாம். அந்த வைரஸ் முதலில் அறியப்பட்டது 1952-53-இல், இன்றைய தான்சானியாவின் தெற்கே மகோண்டே பீடபூமியில். பத்தே ஆண்டில், 1963-இல் கல்கத்தாவில் தோன்றியது. 1964-இல் மதராஸைப் பிடித்தது. வேலூரும் புதுச்சேரியும் படுத்தன. பிறகு முப்பது ஆண்டுக்கு மேல் பேச்சில்லை. 2004-இல் கென்யாவின் லாமு தீவில் மறுபடி கிளம்பி, கொமொரோஸ், ரியூனியன் தீவுகளைக் கடந்து, 2005 முடிவதற்குள் இந்தியாவில் கால்வைத்தது. 2006-இல் நாடு முழுவதும் 13 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அந்தக் காய்ச்சல் இருந்ததாகக் கணக்கு. மூட்டைப் பிடித்துக்கொண்டு படியிறங்க முடியாமல் நின்ற தாத்தா பாட்டிகளை அந்த ஆண்டில் தமிழ்நாட்டில் பார்க்காத தெரு இல்லை. ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து ஏடிஸ் கொசு பரப்பும் ஒரு வைரஸ் இங்கே வந்து குடியேறும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். சிக்குன்குனியா பெரும்பாலும் முடக்கிப்போடும். மஞ்சள் காய்ச்சல் கொல்லும்.

காடும் இதில் சேர்ந்திருக்கிறது. ஆப்பிரிக்கக் காடுகளில் குரங்குகளுக்கிடையே இந்த வைரஸ் ஓயாமல் சுற்றுகிறது. அந்தக் குரங்குகள் பெரும்பாலும் சாவதில்லை. பிரேசிலில் 2016-க்குப் பின் நோய் பரவியபோது ஊளைக்குரங்குகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. நம் ஊர்க் குரங்குகள் எந்த வகை என்பதற்கு 1927-லேயே பதில் கிடைத்துவிட்டது. மேற்கு ஆப்பிரிக்காவில் நோயை ஆராய்ந்த ராக்ஃபெல்லர் அறக்கட்டளையினர், ஆப்பிரிக்கக் குரங்குகளுக்கு நோய் பிடிக்காததால் இந்திய ரீசஸ் குரங்கைத் தருவித்தார்கள். அதற்கு உடனே பிடித்தது. வைரஸைப் பிரித்தெடுக்க முடிந்ததே அதனால்தான். அந்த ஆராய்ச்சியிலேயே ஏட்ரியன் ஸ்டோக்ஸ் 1927-இல் லாகோஸிலும், ஹிதேயோ நோகுச்சி 1928-இல் அக்ராவிலும் இதே நோய்க்குப் பலியானார்கள்.

1957-இல் கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்தில் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. ஊர்க்காரர்களும் காய்ச்சலில் விழுந்தார்கள். ஆராய்ச்சியாளர்களுக்கு முதலில் எழுந்த அச்சம், மஞ்சள் காய்ச்சல் வந்துவிட்டதோ என்பதுதான். நல்லவேளையாக அது உண்ணி பரப்பும் வேறொரு வைரஸ் என்று தெரிந்தது. ஆனால் அந்த அச்சத்துக்கு இருந்த காரணம் இன்றும் அப்படியே இருக்கிறது. நகரத்தில் பரவினால் ஊசி போட்டு அடக்கலாம். காட்டுக் குரங்குகளிடம் புகுந்துவிட்டால் அதை வேரோடு எடுக்க வழியில்லை.

ஆசியாவுக்கு இந்த நோய் எட்டிப்பார்த்தது ஒருமுறை. 2015 டிசம்பரில் அங்கோலாவின் தலைநகர் லுவாண்டாவில் தொற்று வெடித்தது. அங்கிருந்து 2016 மார்ச், ஏப்ரலில் சீனாவுக்குத் திரும்பியவர்களில் 11 பேருக்கு மஞ்சள் காய்ச்சல் உறுதியானது. ஆசிய மண்ணில் இந்த நோய் உறுதிசெய்யப்பட்டது அதுவே முதல்முறை. குளிர் முழுதும் விலகாத பருவம், பெய்ஜிங் போன்ற ஊர்களில் ஏடிஸ் எஜிப்தியும் இல்லை. அதனால் அங்கே பரவவில்லை. ஐப்பசி மழையில் தெருவெல்லாம் தண்ணீர் நிற்கும் சென்னையில் அதே ஆள் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கவே பயமாக இருக்கிறது. அதே ஆண்டு காங்கோவின் கின்ஷாசாவில் ஊசிமருந்து போதாமல், ஒரு ஆளுக்கான அளவை ஐந்தாகப் பிரித்துப் போட வேண்டியிருந்தது. உலகத்தின் கையிருப்பு அவ்வளவுதான்.

இனி ஊசிக்கு வருவோம். தென்னாப்பிரிக்காவில் பிறந்த மேக்ஸ் தைலர் நியூயார்க்கில் 1937-இல் உருவாக்கிய 17டி என்ற வலுவிழந்த வைரஸ்தான் இன்றும் போடப்படுகிறது. அதற்காக 1951-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒரே ஊசி போதும். பத்து நாளில் பெரும்பாலோருக்கும், ஒரு மாதத்தில் அநேகமாக எல்லாருக்கும் எதிர்ப்புச் சக்தி வந்துவிடும். சான்று பத்தாம் நாளிலிருந்துதான் செல்லும் என்பதற்கு இதுவே காரணம். முன்பு பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருந்தது. 2016 ஜூலை 11 முதல் ஒருமுறை போட்டால் ஆயுள் முழுதும் செல்லும். பழைய சான்றுகளுக்கும் இது பொருந்தும்.

தெரு முனை கிளினிக்கில் இதைப் போட்டுக்கொள்ள முடியாது. அரசு அங்கீகரித்த மையத்தின் முத்திரை இருந்தால்தான் சான்று செல்லும். தமிழ்நாட்டில் கிண்டி கிங் ஆராய்ச்சி நிலையத்திலும், சென்னை, தூத்துக்குடி துறைமுக சுகாதார அலுவலகங்களிலும் போடுகிறார்கள்.  ஒரு குப்பியில் பல பேருக்கான மருந்து இருக்கும். கரைத்துவிட்டால் ஆறு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், மீதியைக் கொட்ட வேண்டும். ஆகவே ஆள் சேர்த்து, குறிப்பிட்ட நாள்களில்தான் போடுவார்கள். முன்பதிவு செய்துகொண்டு பாஸ்போர்ட்டோடு போக வேண்டும். டிக்கெட் எடுத்த கையோடு, கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே இதை முடித்துவிடுவது நல்லது. கடைசி வாரத்தில் ஓடினால் ஊசி கிடைத்தாலும் பத்து நாள் கணக்கு உதைக்கும்.

எல்லாரும் போட்டுக்கொள்ளலாமா என்றால், கூடாது. உயிருள்ள வைரஸ் கொண்ட ஊசி என்பதால் எதிர்ப்புச் சக்தி மிகவும் குன்றியவர்கள், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர்கள், தைமஸ் சுரப்பியில் கோளாறு உள்ளவர்கள், முட்டை கடுமையாக ஒவ்வாதவர்கள் விலக வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும் மருத்துவரைக் கேட்டே முடிவெடுக்க வேண்டும். அறுபது வயதைத் தாண்டியவர்கள் முதல்முறையாகப் போட்டுக்கொள்ளும்போது கடுமையான பக்கவிளைவு வருவது, அரிதே ஆனாலும், இளையவர்களைவிடக் கூடுதல். நைரோபியிலும் கம்பாலாவிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் அப்பா அம்மாக்களுக்கு இது முக்கியம். இங்கே விதிக்காக ஊசியைத் திணிக்கக் கூடாது. பயணம் தவிர்க்க முடியாததா, போகும் பகுதியில் நோய் உண்டா என்று மருத்துவரோடு பேசித் தீர்மானிக்க வேண்டும். போடக்கூடாது என்று அவர் முடிவு செய்தால் அதையும் முறைப்படி எழுதித் தருவார். அந்தக் கடிதம் இருந்தாலும் திரும்பும்போது ஆறு நாள் கண்காணிப்பு உண்டாகலாம். அதற்கும் தயாராகப் போக வேண்டும்.

சான்றாகத் தரும் மஞ்சள் நிறச் சிறு புத்தகத்தைக் கையில் வாங்கியதும், அங்கேயே நின்று சரிபார்க்க வேண்டும். நம் ஊரில் தொல்லை தருவது இனிஷியல். பள்ளிச் சான்றில் ‘ஆர்.’, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, டிக்கெட்டில் முன்பின் மாறி என்று மூன்று விதமாக இருப்பது சாதாரணம். சான்றில் இருக்கும் பெயரும் எண்ணும் பாஸ்போர்ட்டை அப்படியே ஒத்திருக்க வேண்டும். மருந்தின் தொகுதி எண், போட்ட தேதி, மருத்துவர் கையொப்பம், மைய முத்திரை, பயணியின் கையொப்பம் எல்லாம் வேண்டும். அடித்தல் திருத்தல் இருந்தால் சான்று செல்லாது. புதிதாக எழுதி வாங்க வேண்டும். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தவர்கள் பழையதையும் உடன் எடுத்துச்செல்வது நல்லது.

ஊசி போடாமலே முத்திரை குத்தித் தருகிறோம் என்று அலையும் ஆட்கள் உண்டு. அவர்களிடம் காசு கொடுக்கிறவர் தன் உயிரோடு ஊரின் உயிரையும் பணயம் வைக்கிறார். சான்றின் மேல் சந்தேகம் வந்துவிட்டால் நாடுகளே மோதிக்கொள்ளும். 2012 மார்ச்சில் ஜோகன்னஸ்பர்க்கில் இறங்கிய 125 நைஜீரியர்களின் சான்று சரியில்லை என்று தென்னாப்பிரிக்கா திருப்பி அனுப்பியது. பதிலுக்கு நைஜீரியா தென்னாப்பிரிக்கர்களைத் திருப்பி அனுப்பியது. கடைசியில் தென்னாப்பிரிக்கா மன்னிப்புக் கேட்டது.

ஒரே பயணத்தில் இரண்டு நாடு பார்க்கிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மசாய் மாராவும் செரெங்கெட்டியும் ஒரே புல்வெளியின் இரண்டு பக்கம், நடுவே எல்லை. கென்யாவிலிருந்து வருகிறவரிடம் தான்சானியா சான்று கேட்கும். நோயுள்ள நாட்டு விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து வருகிறவரிடமும் கேட்கும். மலிவு டிக்கெட் என்று அடிஸ் அபாபாவில் ஒரு ராத்திரி தங்குகிறவர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

பெட்டி கட்டும்போது பிளாஸ்டிக் பைகளை எடுத்துவிடுங்கள். கென்யா 2017 ஆகஸ்டிலும் தான்சானியா 2019 ஜூனிலும் அவற்றைத் தடை செய்தன. கென்யச் சட்டத்தில் சிறைத் தண்டனைகூட உண்டு. ஊறுகாயையும் பொடிகளையும் கேரி பேக்கில் சுற்றி வைக்கும் பழக்கத்தை இந்தப் பயணத்துக்கு விட்டுவிடலாம். துணிப்பையும் டப்பாவும் போதும். பயணக் காப்பீட்டில் அவசர விமான ஆம்புலன்ஸ் செலவு அடங்குமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மாராவின் புல்வெளியில் விபத்து நேர்ந்தால் நைரோபி மருத்துவமனைக்குச் சிறு விமானத்தில்தான் வேகமாகப் போக முடியும்.

விமானம் தரையிறங்குமுன் பணிப்பெண்கள் கேபினில் மருந்து தெளித்தால் மூக்கைச் சுளிக்க வேண்டாம். பயணியோடு கொசுவும் ஏறி வந்திருக்கலாம். உலக சுகாதார விதிமுறைகளின்படி விமான நிலையத்தைச் சுற்றி 400 மீட்டருக்குள் கொசு வளர விடக்கூடாது.

மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட்டதும் எல்லாம் முடிந்தது என்று சிலர் நினைத்துவிடுகிறார்கள். சராசரிப் பயணிக்கு அதைவிட அடிக்கடி நேரும் ஆபத்து மலேரியா. நம் ஊரில் அதிகம் காண்பது வைவாக்ஸ் வகை. படுத்தி எடுத்தாலும் பெரும்பாலும் உயிருக்குத் தொல்லை தராது. ஆப்பிரிக்காவில் இருப்பது பெரும்பாலும் ஃபால்சிபாரம். சில நாளிலேயே மூளையைத் தாக்கிக் கொல்லக்கூடியது. சின்ன வயதில் மலேரியா வந்து போனது, எனக்கு ஒன்றும் ஆகாது என்ற தைரியம் அங்கே செல்லாது. குளோரோகுவின் மாத்திரையும் அதற்கு எடுபடாது.

நைரோபி நகரம் 1,600 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதால் அங்கே ஆபத்து குறைவு. மொம்பாசா கடற்கரை, விக்டோரியா ஏரிக்கரை, உகாண்டா ஆகியவற்றின் கதை வேறு. முன்தடுப்பு மாத்திரை வேண்டும். அடோவாகுவோன்-புரோகுவானில் என்றால் கிளம்ப ஓரிரு நாள் முன்பு தொடங்கித் தினமும் எடுத்து, அப்பகுதியை விட்டு வந்தபின்னும் ஏழு நாள் தொடர வேண்டும். டாக்சிசைக்ளின் என்றால் திரும்பிய பின் நான்கு வாரம். யாருக்கு எது என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். ஊர் வந்ததும் மாத்திரையை நிறுத்துவது பலரும் செய்யும் தவறு. கல்லீரலில் ஒளிந்திருக்கும் கிருமி ரத்தத்துக்கு வருவது அதற்குப் பிறகுதான். மலேரியாக் கொசு இரவில் கடிக்கும், ஏடிஸ் பகலில் கடிக்கும். ஆகவே கொசு விரட்டிக் களிம்பும் முழுக்கைச் சட்டையும் நாள் முழுதும் தேவை, இரவில் வலை.

திரும்பி வந்த முதல் மூன்று மாதத்தில், இன்னும் எச்சரிக்கையாக ஓராண்டு வரையில், காய்ச்சல் வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். நம் ஊர் மருத்துவர் மழைக்காலத்தில் டெங்கு என்று நினைப்பார், டைஃபாய்டு என்று நினைப்பார், எலிக்காய்ச்சல் என்று நினைப்பார். அவர் அன்றாடம் பார்ப்பது அவைதான். ஆப்பிரிக்கா போய் வந்தேன் என்பதை அவர் கேட்காமலே முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும். எந்த நாடு, எந்தத் தேதி முதல் எதுவரை, என்ன மாத்திரை, எத்தனை நாள் விட்டுப்போனது என்பதையும் சொல்ல வேண்டும். மலேரியாவுக்கான ரத்தப் பூச்சுப் பரிசோதனையை அன்றே செய்யச் சொல்லிக் கேட்க வேண்டும். முதல் முடிவில் ஒன்றுமில்லை என்று வந்தாலும் காய்ச்சல் விடாவிட்டால் 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் இன்னும் இரண்டு முறை எடுத்துப் பார்க்க வேண்டும். முடிவு வரும்வரை வலிக்கு ஆஸ்பிரினோ ஐபுபுரூஃபனோ வேண்டாம், பாராசிட்டமால் போதும். டெங்குவாகவே இருந்துவிட்டால் அந்த இரண்டும் ரத்தக்கசிவைக் கூட்டும்.